தொபுக்கடீர் வழக்கு

பாட்டில் ஒரே சொல்.
அதுகூடச் சொல் இல்லை,
ஒருவன் தண்ணீரில் விழும் சத்தம்.
மீதி இரண்டு நிமிடமும் கிட்டார்.
கடல் பார்க்காத கீவளூர்க்காரனும்
அலைமேல் நிற்பவன்போல் முட்டி மடக்கி ஆடினான்.

எழுபத்திரண்டில் நாகப்பட்டினம் முன்சீப் கோர்ட்டில்
நான் டைப்பிஸ்ட்.

வாதி அமலதாஸ்:
மெட்டு எனக்கு வந்தது, வேளாங்கண்ணி லாட்ஜில், காய்ச்சலில்.
பிரதிவாதி தஸ்தகீர்:
காய்ச்சல் அவனுக்கு, மெட்டு எனக்கு.
என் டிரம் இல்லாமல் அது வெறும் கம்பி.
இசைத்தட்டின் நடுவில் அச்சான பெயரோ
ரிக்கார்டிங் செலவுக்கு நெல் விற்றுத் தந்த
திருமருகல் மிராசுதாருடையது.
அவர் வாய்தாவுக்கே வரவில்லை.

மூன்றாம் சாட்சி பக்கிரிசாமி, ஆயில் என்ஜின் மெக்கானிக்.
"ரெண்டு பேரும் வெட்டாத்துக் கரையில
என் என்ஜின் பக்கத்துலதாங்க பழகுனாங்க.
அதுல ஒரு பல்லு போயிடுச்சு. அப்படித்தான் ஓடும்."
எப்படி, என்றார் நீதிபதி.
வாயாலேயே ஓட்டினான்.

டிகிட் டிகிட் டக்
டிகிட் டிகிட் டக்

மூன்று பக்கம் அடித்தேன், கார்பனோடு.
நிறுத்தச் சொல்லவேண்டிய டவாலி
கட்டைவிரலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தான்.
அமலதாஸ் கூண்டுக் கட்டையில்,
தஸ்தகீர் தொடையில்.
ஒரு இடத்தில்
மூவரும் சேர்ந்தே நின்றார்கள்,
விழப்போகிறவனுக்காக.
யாரும் விழவில்லை. ஃபேன் சுற்றியது.

யார் ஜெயித்தார்கள், மறந்துவிட்டது.
அன்று என் மிஷினில் 'ட' உடைந்தது.
தீர்ப்பு நகலைப் பாருங்கள்:
பாட்டு வருகிற இடமெல்லாம்
நீல மசியில்
என் கையெழுத்து.