மைனஸ் இருபத்தொன்பதுக்கு ஒரு சோடி

முதல் சோடி நூற்றுத் தொண்ணூற்றெட்டு பிராங்.
கணுக்காலில் முயல்மயிர், பக்கத்தில் பொன்நிற ஸிப்.
நகுலேஸ் சொன்னான்: கலியாணத்துக்கும் போடலாம்.
கலியாணத்துக்குத்தான் போடலாம்.

லா பிரேவினில், விடிய நாலு மணிக்கு,
காரை உறுமவிட்டு இறங்கி
பேப்பர்க் கட்டோடு முதல் பெட்டிக்கு நடந்தபோதே
அடிப்பாகம் பலகையாய் விறைத்துவிட்டது.
பத்தாவது பெட்டியில் சின்னவிரலைக் காணவில்லை.
இருந்தது, ஆனால் என்னுடையது இல்லை;
யாரோ இரவல் தந்துவிட்டுத்
திருப்பிக் கேட்க மறந்த கூழாங்கல்.
வீடு வந்து இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்தேன்.
உயிர் திரும்பி வந்த விதம் இருக்கிறதே,
போனதைவிடக் கொடுமை.

அன்றிலிருந்து நான் சப்பாத்தைப் பார்ப்பதில்லை,
விசாரிக்கிறேன்.
நாடா கோர்க்கும் கண் இரும்பா, துணியா?
உள்ளிருக்கும் கம்பளி
கழற்றி ரேடியேட்டரில் காயவைக்க வருமா,
ஒட்டிப்போட்டு ஏமாற்றுகிறாயா?
தடித்த காலுறைக்குப் பிறகும்
விரல்கள் தங்களுக்குள் பேச இடம் உண்டா?
இறுக்கம்தான் சூடு என்று நம்பியிருந்தவள் நான்.
இறுக்கம்தான் குளிர்.
விரலைச் சுற்றிச் சும்மா இருக்கும்
கொஞ்சம் காற்றுதான் அடுப்பு.
பெட்டியில் மைனஸ் நாற்பது என்று அச்சடித்திருக்கும்.
யார் நின்று பார்த்தார்கள்? எவ்வளவு நேரம்?
அச்சுக்குக் குளிராது.

இரண்டாவது சோடியை
இரவு முழுக்க ஃபிரீசரில் வைத்தேன்,
விளைமீனுக்கும் முருங்கைக்காய்ப் பொதிக்கும் நடுவில்.
காலையில் மடித்தேன். மடியவில்லை.

லு லோக்ல் கடையில் மதாம் மத்தே
மூக்கைக் கிட்டக் கொண்டுபோய்
"இது..." என்று நிறுத்தினாள்.
மீன், என்றேன்.
ஒன்றும் சொல்லாமல் பணத்தை எண்ணித் தந்தாள்.

என் கால் முப்பத்தைந்து.
பெண்கள் பகுதி முழுக்க அவளும் முழந்தாளிட்டுத் தேடினாள்.
ரோமம், குதி, கொக்கி, மினுக்கம்.
செய்தவன் எவனோ,
பெண் என்றால் காரிலிருந்து கதவுவரை
என்று அளந்துவைத்திருக்கிறான்.
ஆண்கள் பகுதி நாற்பதில் தொடங்கியது.
இரண்டு காலுறைக்குப் பிறகும்
உரலில் போட்ட பாக்காய் உருண்டது கால்.

பிறகு என்னைக் கேட்காமலே
பின்பக்கம் போய் ஒரு பெட்டி எடுத்துவந்தாள்.
சிறுவர். முப்பத்தாறு. ஐம்பத்தொன்பது பிராங்.
கழலும் கம்பளி, தடித்த மெத்தென்ற அடி,
பனி புகாமல் மேலே இழுத்துக் கட்ட ஒரு கயிறு,
பக்கத்தில் பச்சை டைனோசர்.
பிள்ளைக்குச் செய்தவனுக்குத் தெரிந்திருக்கிறது:
இது பனியில் நிற்கும், விழும்,
கூப்பிட்டாலும் உள்ளே வராது.

"ஃபிரீசர்?" என்றாள் மதாம் மத்தே.
ஓம், என்றேன்.
"இந்தமுறை பையில் சுற்றி வையுங்கள்."

மடிந்தது.

நாற்பத்தொரு வயதில் டைனோசர் சப்பாத்து.
நகுலேஸ் சிரித்ததை எழுதமாட்டேன்.
நேற்று மைனஸ் இருபத்தொன்பது.
மூச்சு கழுத்துத் துணியில் கண்ணாடியானது,
கண்ணிமை ஒட்டியது,
கால் மட்டும் வேறு ஊரில் இருந்தது.

அடிப்பாகத்தில் மூன்று நகம் வெட்டியிருப்பதை
நான் கவனிக்கவில்லை.
இரவில் ஒரு மிருகம்
ஒவ்வொரு தபால்பெட்டிக்கும் வந்துபோவதாகப்
பள்ளிக்கூடத்தில் பேச்சாம்.
இன்று பதினெட்டாவது பெட்டிக்குள்
ஒரு பிஸ்கட், மடித்த தாள்:
டைனோசருக்கு. எங்கள் பூனையைத் தின்னாதே.

பூனை ஜன்னலுக்குள் இருந்து
எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.
பிஸ்கட்டைத் தின்றேன், கல்லாய் இருந்தது.
பதில் எழுதப் பேனை எடுத்தேன், மை உறைந்திருந்தது.
பெட்டிக்குக் கீழே, புதுப்பனியில்,
நன்றாக ஒருமுறை மிதித்துவிட்டுப்
பத்தொன்பதாவதுக்கு நடந்தேன்.