நீதி, முப்பத்தைந்து சதம்

மட்டக்குளியில் களனி கங்கை கடலுக்குள் போகிற இடத்தில்
மூன்று கொதிகலன், ஒரு புகைபோக்கி, இருநூற்றுப் பதினாறு பேர்.
நல்லைநாதர் தன் சவர்க்காரத்துக்கு
நீதி என்று பெயர் வைத்தார்.
புறக்கோட்டை வியாபாரிகள் சிரித்தார்கள்:
"ரோசா, மல்லிகை எண்டு வையுங்கோ முதலாளி,
நீதியை ஆர் முதுகிலை தேய்ப்பினம்?"
அவர் கேட்கவில்லை. மூன்று மொழியிலும் அச்சுக் குத்தினார்.
நான்கு முறை குளித்தால் எழுத்து அழியும்.
கட்டி மிஞ்சும்.

நான் கிளாரா. உறை சுற்றும் பகுதி.
நிமிடத்துக்கு ஒன்பது கட்டி.
சங்கத்துக்குச் செயலாளரும் நான்தான்,
அந்தக் கதிரைக்கு வேறு யாரும் வராததால்.

நல்ல மனுசன். அதில்தான் கஷ்டம்.
கெட்டவனோடு சண்டை பிடிக்க வாய் தானாக வரும்.
இவரோ
சாப்பாட்டு அறையில் ஒரே நீள மேசை போட்டு
எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பீங்கான் கோப்பை வாங்கி
அதில் குடிக்கமாட்டேன் என்ற சொந்த மச்சானை
அன்று பின்னேரமே கணக்கர் வேலையிலிருந்து அனுப்பியவர்.
எங்கள் பிள்ளைகளுக்குத் தொட்டில் அறை. பால்.
மாசம் முதல் திங்கள் ஒரு பிரசுரம்:
'உழைப்பின் பங்கு',
'நிலத்துக்கு வரி, வியர்வைக்கு விலக்கு',
'முதலாளிகளுக்கு ஒரு முதலாளியின் கடிதம்'.
செட்டியார் தெரு அச்சகத்தில் ஐயாயிரம் பிரதி.
மந்திரிமாருக்கு, துறைமுகக் கம்பனிகளுக்கு,
கறுவாத்தோட்டத்துப் பெரிய வீடுகளுக்கு.
பதில் போட்டவர் ஒருவர்:
தாள் நல்ல தடிப்பு, எங்கே வாங்குகிறீர்கள் என்று.

எங்களுக்கு எரிசோடா.
சீலாவதியின் பெருவிரலில் ரேகை இல்லை.
தபால் கந்தோரில் கைநாட்டு வைத்தாள்,
மை மட்டும் பதிந்தது.
நாளுக்கு இருபது சதம் கூட்டிக் கேட்டோம், கையுறையும்.
"யோசிப்பம்" என்றார்.
யோசிக்கிறவர்தான்.
யோசித்தது அடுத்த பிரசுரமாக வந்தது.

வைகாசி மழையில் வாசலில் குந்தினோம்.
இரண்டாம் நாள் தேத்தண்ணி அனுப்பினார்.
ஒருவரும் தொடவில்லை. ஆடை படிந்தது,
ஆடைக்கு மேல் மழை விழுந்தது.
ஒன்பதாம் நாள் அவரே வந்தார், குடையில்லாமல்,
சட்டைக்குள் அணைத்த பேரேட்டோடு.
கூரைத் தாழ்வாரத்தில் எண்ணெய்ப் பீப்பாவின் மேல் விரித்தார்.
"படியுங்கோ. எதிலையிருந்து தர? காட்டுங்கோ, தாறன்."

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான்.
ஆனாலும் எண்ணி எண்ணியே பழகிய தலை.
கொப்பறா. சோடா. விறகு. லொறி. பால்.
விரல் இறங்கி ஒரு வரியில் நின்றது.
அச்சுக்கூலி, தாள், தபால்:
மாதம் ஆயிரத்து நூற்று நாற்பது.
இருநூற்றுப் பதினாறை இருபது சதத்தால் பெருக்கி
வந்ததை இருபத்தாறு நாளால் பெருக்கினேன்.
ஆயிரத்து நூற்று இருபத்து மூன்று ரூபாய் இருபது சதம்.
மிச்சம் பதினாறு ரூபாய் எண்பது.
"அது கையுறைக்கு" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.
நனைந்த வேட்டி. துடைக்கத் துடைக்க மங்கியது.
"அது என்ர மூச்சு, பிள்ளை."
"தெரியும் ஐயா. எங்கட இருபது சதமும் அதுதான்."

பத்தாம் நாள் கொதிகலன் ஏறியது.
ஆனி மாதப் பிரசுரம் வரவில்லை.
ஏன் என்று யாரும் கேட்டு எழுதவில்லை,
தாள் விசாரித்தவர் உட்பட.
அதற்குப் பிறகு எங்கள் பகுதிக்கு வருவார், நிற்பார்,
ஏதோ சொல்லத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டுப்
பெட்டிகளை எண்ணுவதுபோல் பார்ப்பார்.
ஆறு வருசம்.

கனத்தையில் எரித்துவிட்டு வந்த கிழமை
களஞ்சியத்தில் பழைய பிரசுரம் நாற்பது கட்டு கிடந்தது.
உள்ளுறைக்கு ஆகும் என்றார் மகன்.
நானே சுற்றினேன்.
முப்பத்தைந்து சதக் கட்டி, அவர் எழுத்து, மேலே மெழுகுத்தாள்.
இத்தனை வருசத்தில்
எங்களில் ஒருவருக்கும் ஒரு பிரதி தந்ததில்லை அவர்.
நாங்களும் கேட்டதில்லை.
அன்றுதான் படித்தேன், ஒவ்வொரு தாளாக, மடிக்குமுன்.
சரியாகத்தான் எழுதியிருந்தார்.
சில இடத்தில் நான் வாசலில் கத்தியதைவிடச் சரியாக.

நிமிடத்துக்கு நான்கு கட்டிதான் போனது.
புது மேற்பார்வையாளர் மணிக்கூட்டைப் பார்த்தார்,
என் பெயருக்கு நேரே
கால் நாள் கூலி வெட்டினார்.