சில சமயம்

பதினொரு மாதம் காத்த பிறகு
விடியுமுன் படகு. மழை.
புவெர்த்தோ மோந்தில் மூன்றாவது மாடி.

படிவத்தில் நாற்பது கேள்வி.
விரல் நீட்டிக் காட்டுகிறானா?
கூப்பிட்டால் திரும்புகிறானா?
எல்லாவற்றுக்கும் ‘சில சமயம்’ கட்டத்தில்
பேனாவால் டிக் போட்டிருந்தாள் யெசெனியா.

“எத்தனை வார்த்தை பேசுவான்?”
“மூணு.”
“நாய் பேரையும் சேர்த்தா?” என்றான் ரெனே,
ஜன்னலைப் பார்த்தபடி.

டாக்டரம்மா தரையில் உட்கார்ந்து
மரக்கட்டைகளைக் கொட்டினார்.
லவுதாரோ ஒன்றை முகர்ந்தான்.
ஒன்றின் மேல் ஒன்று வைக்கவில்லை.
அவனுக்கு மூன்றரை வயது.

படிவத்தைத் திருப்பிக் கேட்டாள்.
இல்லை, என்று திருத்தினாள்.
இல்லை. இல்லை.
ஒன்பதாவதில், அவளைப் பார்த்துச் சிரிப்பதில்,
சில சமயம் என்பது
நிஜமாகவே சில சமயம்தான்.

திரும்பும் படகில்
டிக்கெட்டுக்குச் சில்லறை துழாவிய கைப்பையில்
ஆஸ்பத்திரியின் சிவப்புக் கட்டை ஒன்று.
எப்போது போட்டான் என்று
இருவருக்கும் தெரியவில்லை.