வரிக்கு நாலு டாலர்

வரிக்கு நாலு டாலர் என்கிறாள்
வாரப் பத்திரிகை அலுவலகத்துப் பெண்.
முதல் வரியை அவளே அடித்து வைத்திருக்கிறாள்:
"கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்
தன்னையே அர்ப்பணித்தவர்."
எல்லோருக்கும் அதுதானாம்.
இதுவரை யாரும் மறுத்ததில்லையாம்.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
சஸ்காச்சுவான் முழுக்க மண் இரும்பாய்க் கிடக்கிறது.
மே மாதம் வரை குழி வெட்ட முடியாது என்று
கல்லறைக்காரன் பொஹ்தான் கைவிரித்துவிட்டான்.
அதுவரை ஸ்டெஃபானியா
யார்க்டன் குளிரறையில் காத்திருக்க வேண்டும்.
காத்திருப்பது அவளுக்கு ஆகாது.
பல் டாக்டரிடம்கூட
கோட்டைக் கழற்றாமல்தான் உட்காருவாள்.

பேரப்பிள்ளைகள் என்று போட்டிருக்கிறாயே, கேள்.
சீட்டாட்டத்தில் அவர்களை ஏமாற்றுவாள்,
கண் இமைக்காமல்.
ஜெயித்த சில்லறையில்
ஒரு காசு திருப்பித் தந்ததில்லை.
கால்கரியிலிருந்து டெவின் நேற்று ராத்திரி கூப்பிட்டான்,
பத்தொன்பது வயசுப் பையன்.
தாத்தா, இன்னும் ஆறு டாலர் பாக்கி,
யாரிடம் கொடுப்பது என்றான்.
அப்புறம் பேச்சு வரவில்லை அவனுக்கு.

பிள்ளைகள்.
அதில் எந்தப் பிள்ளைகள் என்று எழுதவில்லையே நீ.
இருபத்திரண்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள்.
காலையில் சாப்பிடாமல் ஏறுகிறவன் யாரென்று
அவன் படியில் கால் வைக்கும் விதத்திலேயே தெரியும்.
அவித்த முட்டை நாலு
கையுறைப் பெட்டியில் எப்போதும் இருக்கும்.
ஊரார் பிள்ளைகளை எண்ணி எண்ணி இறக்கிவிட்டவள்
ஒருநாள் சொந்த மகனை
கடைசி இருக்கையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள்.
தாராஸ் கொட்டகையில் தூங்கி எழுந்து
பனியில் நடந்து வந்தான்.
அவனுக்கு இப்போது ஐம்பது.
கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் சொல்லிக் காட்டுவான்.
அவளும் ஒவ்வொரு தடவையும்
முதல் தடவை கேட்பதுபோல் சிரிப்பாள்.

கணவன்.
ஐம்பத்து மூன்று வருஷம்,
பதினொரு நாள் குறைய.

அந்தப் பெண் தலை நிமிர்கிறாள்.

எழுபத்தாறு. அறுவடை பாதியில் நின்றது.
பச்சை ஃபோர்ட் டிரக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.
மேஜையில் ஒரு துண்டுச் சீட்டு:
"கோழிகளுக்குத் தண்ணீர் வை."
பிள்ளைகள் என் அம்மா வீட்டில்.
பதினோராம் நாள் ராத்திரி வந்தாள்,
முடியைக் கத்தரித்துக்கொண்டு,
கையில் பஸ் ஓட்டும் உரிமத்தோடு.
எங்கே போனாய் என்று நான் கேட்கவில்லை.
கோழிகள் எப்படி என்று அவள் கேட்டாள்.
இரண்டு செத்திருந்தன.
சொன்னேன்.
சூப்புக்கு ஆகியிருக்குமே என்றாள்.

அதனால்தான் அம்மா,
அர்ப்பணிப்பு என்ற சொல்லில் எனக்கு முள் குத்துகிறது.
கட்டிப்போட்ட நாயையும்
விசுவாசம் என்றுதான் சொல்கிறோம்.
இவளிடம் சாவி இருந்தது.
வாசல் ஆணியில், கைக்கெட்டும் உயரத்தில்,
எப்போதும் இருந்தது.

இன்னொன்று. இதை நான் அவளிடமே சொன்னதில்லை.
அந்த செப்டம்பரிலிருந்து
ஒவ்வொரு சனிக்கிழமையும்
அவள் வண்டியின் டாங்கியை நானே நிரப்பி வைத்தேன்.
போகிற வழியில் நின்றுவிடக் கூடாது.
வருகிற வழியிலும்.

விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நிற்கின்றன.
இதைப் போடவா என்கிறாள்.

எத்தனை வரி வரும் என்கிறேன்.