எழுபத்து நான்காவது பெயர்

நிபோங் திபால். காலை எட்டு பத்து.
மூன்றாம் கவுண்டரின் குளிர்சாதனம் சொட்டுகிறது,
கீழே வைத்த மைலோ டின்னில் பாதி தண்ணீர்.
மானியப் பட்டியலைக் கண்ணாடிக் கதவில்
நேற்று மாலை நான்தான் ஒட்டினேன்.
எழுபத்து நான்காவது:
நல்லசேவன் அ/லெ முத்தையா, ஏழு ரெலோங்,
தொகை வரவு வைக்கப்பட்டது.

நல்லசேவன் செத்து மூன்று வருடம்.
கருமாதிக்கு நானும் போனேன்,
இரண்டு வடை சாப்பிட்டேன்.
கணினியில் மட்டும் அவர்
இந்தப் பருவமும் விதை தெளித்திருக்கிறார்,
எலிக்கு மருந்து வைத்திருக்கிறார்,
ஒன்பது டன் அறுத்திருக்கிறார்.

அறுத்தவள் என் எதிரில் நிற்கிறாள்.
செல்வமலர்.
கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடித்து
வீட்டுக்குப் போகாமல் வந்தவள்;
விரல் நுனியெல்லாம் வெள்ளை மாவு.
பிளாஸ்டிக் உறையில் ஆலை ரசீதுகள்:
ஈரத்துக்கு, பதருக்கு, பெயரில்லாத எதற்கோ
நூற்றுக்கு இருபத்திரண்டு கழிவு.
மீதி எடைக்குத்தான் சப்சிடி.
"கழிச்சதையும் நான்தானக்கா வெதச்சேன்?"
அதற்கு என் பாரத்தில் கட்டம் இல்லை.
என் சம்பளத்தில்
ஈரம் பார்த்துக் கழிப்பவரும் இல்லை.

குத்தகைக்கு எழுத்து ஏது என்று கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.
"வாய்தாம்மா பத்திரம்"னு சொல்வாரு, என்றாள்.
அந்த வாயில்
வரிசையில் நின்று எல்லோரும் அரிசி போட்டோம்.
இவள் அறுத்த வயலின் அரிசி.

பணம் எங்கே போகிறது என்பது
இருவருக்கும் தெரியும்.
பூச்சோங்கில், ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில்,
ரகசிய எண் தெரிந்த மகன்
அப்பாவின் கார்டைச் சொருகுவான்.
அப்பாவும் மறுக்காமல் கொடுப்பார்.
குத்தகைக் காசையும்
பருவம் தொடங்குமுன் வாங்கிவிடுகிறான்,
அது தனி.

இன்று வேறு தாள் வந்திருக்கிறது மேலிடத்திலிருந்து.
விவசாயி உயிருடன் உள்ளாரா?
ஆம். இல்லை.
இரண்டு கட்டம், ஒரு பேனா.
'இல்லை'யில் கோடு விழுந்தால்
பூச்சோங்கில் பணம் நிற்கும்.
பிள்ளைகள் பாகம் பிரித்து, நீதிமன்றம் ஏறி,
கிராந்தில் புதுப் பெயர் வரும்வரை
அந்த ஏழு ரெலோங்
யாருடைய வயலும் அல்ல என்று கணினி சொல்லும்.
யாருடையதும் அல்லாத வயலுக்கு
உரம் கிடையாது.

இதை அவளுக்குச் சொன்னேன்.
மெதுவாகத்தான் சொன்னேன்,
பின்னால் ஹம்சா பாக்சிக் இருமிக்கொண்டிருந்தார்.
அவள் பட்டியலைத் திரும்பிப் பார்த்தாள்,
கண்ணாடிக்கு அப்பால்
உர லாரி பின்னோக்கி வருவதைப் பார்த்தாள்.

"அவரு உசுரோடவே இருக்கட்டும்க்கா.
இருபது மூட்ட வரும்ல?"

ஆம் என்ற கட்டத்தில் கோடு போட்டேன்.
பேனா மக்கர் செய்தது, இரண்டாம் தடவை அழுத்தினேன்.
ரசீதை நீட்டினேன்;
இறந்தவருக்காகக் கையெழுத்திட்டாள்,
பழகிய கை.
வாசல்வரை போய்விட்டவளைக்
கூப்பிட வேண்டியதாயிற்று.

முத்தையாவை விட்டுவிட்டாய், என்றேன்.
அப்பா பெயரையும் சேர்த்து எழுது.