எச்சம்

படகு கரையைத் தொடுமுன்பே
மூக்கைத் தொட்டுவிடும் இந்தத் தீவு.
மரமில்லை. புல்லில்லை. பெரு நாட்டுக் கடலில்
பாறைமேல் பாறையாக
நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும்
போட்டுவைத்த வெள்ளை.
குடிநீர் பீப்பாயில் வரும்.

தெயோஃபிலோ சௌக்கா
மலையிலிருந்து எட்டு மாத ஒப்பந்தத்தில் இறங்கியவன்.
முகத்தில் கட்டிய துணிக்கு மேலே
அமோனியாவில் சிவந்த கண்கள்.
வெறுங்காலில் சுமக்கிறான்,
மூட்டை ஐம்பது கிலோ.
அவனுடைய கெச்சுவா மொழியில் இதன் பெயர் வானு.
வானத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை,
மேலேயிருந்து விழுகிறது என்பதைத் தவிர.
வானு என்றால் சாணம். அவ்வளவுதான்.

அந்தச் சொல்லையும் ஒருகாலத்தில்
சரக்கோடு சரக்காகக் கப்பலேற்றினார்கள்.
ஐரோப்பாவில் கரைத்து, காய்ச்சி, வடித்து
கடைசியில் தங்கிய பொடிக்கு
குவானின் என்று பெயரிட்டார்கள்.
கரைத்த கையின் ஒவ்வொரு அணுவறையிலும்
அதே பொடி எழுத்தாக இருந்தது
அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை ஒரு கூழைக்கடா
கழுத்தைத் திருகிக்கொண்டு
தன்னையே சுற்றிச் சுற்றி நடந்து விழுந்தது.
வெள்ளிக்குள் எண்ணுவதை விட்டுவிட்டார்கள்.

சனிக்கிழமை நெலிதா அய்வார் வந்தாள்,
பஞ்சு சுற்றிய குச்சிகளோடு,
தலைமுதல் கால்வரை வெள்ளை உடையில்.
தெயோஃபிலோ அலகைப் பிடித்துக்கொண்டான்.
தொண்டையில் ஒரு குச்சி, பின்புறம் ஒரு குச்சி.
"என்ன தேடுறீங்க?"
"யுராசில் போட்டு எழுதின ஒரு வரியை.
பறவையோட ஏட்டில் தைமின் இருக்கிற இடத்தில
இந்தக் கிருமிக்கு யுராசில்."
"பறவைகிட்ட அது இல்லையா?"
"இருக்கு. அன்றாடச் சீட்டுகள்ல மட்டும்.
வேலை முடிஞ்சதும் கிழிச்சுடும்."
"மொத்தம் எத்தனை எழுத்து?"
"ஏட்டுக்கு நாலு. கிருமிக்கும் நாலு."
அவன் சிரித்தான்:
"எங்க ஊர்க் கடைக்காரனுக்குக் கடன் எழுதவே
அதுக்கு மேல வேணும்."

ஆய்வகம். இரவு இரண்டு மணி.
இரண்டுமுறை குளித்தும் கூந்தலில் தீவு.
திரையில் கோடு படுத்தே கிடந்தது,
பதினெட்டு, பத்தொன்பது, இருபது.
இருபத்தொன்றாம் சுற்றில் தலை தூக்கியது.

அவள் அதிகாரிக்குத் தொலைபேசியில் சொன்னாள்.
பிறகு கிருமியின் எழுத்துவரிசை வந்தபோது
வேண்டுமென்றே ஒன்றைமட்டும் தேடினாள்.
குவானின். மூன்று கைகொடுத்துச்
சைட்டோசினைப் பற்றிக்கொள்வது.
வரிக்கு வரி அது இருந்தது,
வாலால் கழித்ததையே
வாயால் வாங்கிச் செத்த பறவை மாதிரி.
இல்லை, இது தப்பு.
பொடி ஒன்றுதான், குற்றம் அதனுடையதல்ல.
உப்பு குழம்பிலும் இருக்கிறது, கண்ணீரிலும்.

பொட்டலத்தில் ஆறிப்போன உருளைக்கிழங்கு வறுவல்.
எந்தத் தீவின் உரத்தில் விளைந்ததோ.
தின்றாள். பசி.

கழிவுக்கும் எச்சம்,
விட்டுப்போகும் பிள்ளைகுட்டிக்கும் எச்சம்,
முடியாமல் நிற்கும் வினைக்கும் எச்சம்:
ஒரே சொல்லை வைத்து ஒப்பேற்றுகிறோம்
நாமும், நாலெழுத்துக்காரர்களைப் போல.

தீவை மூடிவிட்டார்கள்.
மூன்று மாதக் கூலி குறைய
படகில் கடைசியாக ஏறினான் தெயோஃபிலோ,
குதிகால் வெடிப்பில் இன்னும் வெள்ளை,
அதைக் கழுவக் கடலில் காலை விட்டு,
விட்ட காலை மறுபடி எடுத்து,
தீவைத் திரும்பிப் பார்த்து