மண் ஆழம் என்ற கட்டத்தில்

மரம் நட்டால் மழை வரும் என்று
பள்ளிச் சுவரில் நானும்தான் வரைந்தேன்,
பச்சைச் சாயம் தீரும்வரை.
இன்று என் பிழைப்பு
எந்த மரத்தை முதலில் வெட்டுவது என்று
கணினியைக் கேட்பது.

இந்தக் கேப் மலைகளுக்குப் பைன் அந்நியம்.
பலகைக்கென்று கொண்டுவந்து நட்டார்கள்.
காற்றில் ஏறி உச்சிக்குப் போய்விட்டது.
முழங்கால் உயர ஃபைன்போஸ் புதர்
ஒரு மிடறு குடித்துவிட்டு
மீதியை ஓடைக்கு விடும்.
பைன் அப்படியில்லை,
கோடையிலும் பாத்திரத்தை வழித்து நக்கும்.

மலையை முப்பது மீட்டர் சதுரங்களாக
நறுக்கி வைத்திருக்கிறேன்.
ஒவ்வொன்றுக்கும் சாய்வு, வேரின் நீளம், மண் ஆழம்,
கொஞ்சம் இரவல் மழை.
பன்னிரண்டு வருடத்தை நாலு நிமிடத்தில் பெய்யவைப்பேன்.
ஓடையில் அளந்த வரத்தோடு
என் கோடு ஒட்டவேண்டும்.
ஜூலையில் ஒட்டுகிறது.
ஆகஸ்டில் கட்டிப்பிடித்துக்கொள்கிறது.
பிப்ரவரியில் மட்டும்
நிஜ ஓடை என்னுடையதைவிடக்
கொஞ்சம் கூடுதலாக ஓடுகிறது,
எங்கிருந்து என்று சொல்லாமல்.

பணம் ஒரு பள்ளத்தாக்குக்குத்தான் இருந்தது.
கிழக்கு, என்றது கணக்கு.
அம்மை போட்டதுபோல் அங்கே சிவப்புச் சதுரங்கள்.
கையெழுத்தாக ஒரு வாரம் இருக்கையில்
கயிற்றில் தொங்கி மரம் அறுக்கும்
ரொஸெல்டா ப்ளாட்ஜீஸ்
இடுப்புவாரைக்கூட அவிழ்க்காமல் அலுவலகத்துக்குள் வந்தாள்,
தரையெல்லாம் மண்.
மேற்கில், பாறைக்குக் கீழே, நாணல் நிற்குமிடத்தில்
அவள் காலணியைச் சேறு பிடுங்கிக்கொண்டதாம்.
"பிப்ரவரியில். கணுக்கால்வரை.
நீ அங்கே என்ன போட்டிருக்கிறாய்?"

நாற்பது சென்டிமீட்டர் போட்டிருந்தேன்.
யாரோ வரைந்த பழைய படத்திலிருந்து
யாரோ ஊகித்தது.

மறுநாள் இரும்புக் கம்பியோடு போனோம்.
கம்பி இறங்கியது.
இன்னும் இறங்கியது.
நான் மண்டியிட்ட பிறகும் இறங்கிக்கொண்டிருந்தது.
ஆறிப்போன தேயிலைச் சக்கை மாதிரி கறுப்பு மண்;
பிழிந்தால்
விரலிடுக்கில் போன ஜூலையின் மழை.
விளிம்பில் வரிசையாகப் பைன்கள்,
முதல் பந்தியில் இடம் பிடித்தவர்களைப் போல.

ஒரு மீட்டர் எழுபது என்று திருத்தினேன்.
ஆதாரம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?
'ரொஸெல்டாவின் இடது காலணி' என்று தட்டினேன்.
இன்றும் அப்படியே இருக்கிறது,
தணிக்கைக்கு வந்தவர் யாரும் கேட்கவில்லை.
நாலு நிமிடம் பெய்தது.
சிவப்பு மேற்குக்கு நகர்ந்தது.

நகர்ந்தது என்று எழுதுவது எளிது.
கிழக்கின் அடிவாரத்தில்
டீல்மன் ஓபர்ஹோல்ஸரின் பேரித் தோட்டம் இருக்கிறது.
கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் வந்தார்.
எவ்வளவு உறுதி, என்றார்.
இவ்வளவிலிருந்து இவ்வளவுவரை என்று
ஒரு பட்டையைச் சொன்னேன்.
"பட்டையை என் மரத்துக்கு எப்படி ஊற்றுவது?"
அவர் கோபப்படவில்லை.
அதுதான் கஷ்டமாக இருந்தது.
ஏட்டுச் சுரைக்காய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்;
சொல்லாமல் வைத்துவிட்டார்.

வெட்டினார்கள். ஏழு வாரம்.
பிசின் வாசனை என் காருக்குள் இன்னும் போகவில்லை.
ஒரு கோடை கழிந்தது.
அளவுகோலில் நீர் இரண்டு விரல் ஏறி நிற்கிறது.
அந்த வருடம் மழையும் நன்றாகத்தான் பெய்தது.
மழையின் பங்கு எது, ரம்பத்தின் பங்கு எது
என்று பிரிக்க
இன்னும் ஐந்து கோடை வேண்டும் என்கிறேன்.
ஐந்து கோடைக்கு யாரும் நிதி தருவதில்லை.

நேற்று மேற்கிலிருந்து ரொஸெல்டா ஒரு படம் அனுப்பினாள்:
உள்ளங்கையில் பைன் நாற்று,
பல்குச்சி உயரம், வேரோடு.
நாங்கள் வெட்டாமல் விட்ட கிழக்கிலிருந்து
பறந்துவந்த விதை.
"இது உன் வரைபடத்தில் இருக்கிறதா?"

இல்லை.
விதை சுமக்கும் காற்றுக்கு
நான் கட்டமே வைக்கவில்லை.